மை காயும் நேரம்

இயந்திரத்தை இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, துணைவேந்தர் கையால் பொத்தானை அமுக்கிப் படமும் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறைக்கு ஒரு விஷயம் உறைத்தது. பேராசிரியர் சாலமோன் பொன்னையா பாட்டுக் கட்டியதெல்லாம் பென்சிலில். பழைய தாளிலிருந்து சத்தத்தை எடுக்கும் அந்த இயந்திரத்துக்குக் காது கேட்பதோ மையில் மட்டும்தான்.

இப்படியும் ஒரு கூத்து நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. அதுவும் துறைத் தலைவர் திருமலைக்கொழுந்து அந்தப் பென்சில் தாள்களை வைத்தே முனைவர் பட்டம் வாங்கியவர். பொன்னையா முதலில் பென்சிலில் கிறுக்குவார், பாடிப் பார்ப்பார், அழிப்பார், மறுபடி கிறுக்குவார். பாட்டு முழுசாகப் பிடிபட்ட பிறகு, மைப்புட்டியில் தொட்டெழுதும் பேனாவால் நல்ல தாளில் அதைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதுவார். பெயர்த்து எழுதும்போது வாயைத் திறக்க மாட்டார். இதெல்லாம் தலைவரின் ஆய்வேட்டிலேயே இருக்கிறது. இருந்து என்ன செய்ய? மேதை ஒருவர் பாட்டுக் கட்டும் சத்தத்தை உலகத்துக்குக் கேட்க வைக்கப் போகிறோம் என்ற பரவசத்தில் மனிதர் தன் ஆய்வேட்டையே மறந்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் தபித்தாளைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தபித்தாள் பொன்னையாவின் மகள். அறுபது வயது, கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணமாகாதவள். அப்பா இறந்தபோது அவருடைய தாள்களையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது அவள்தான். தாளில் இருக்கும் இசை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். மைக்குள் மாட்டிக்கொண்ட வீட்டுப் பேச்சு குடும்பத்துக்குச் சொந்தம் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அவள் சம்மதிக்காமல் ஒரு தும்மலைக்கூட வெளியில் விட முடியாது.

ஒலிப் பொறியாளர் இர்ஃபான் அவளை இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தான். மேலப்பாளையத்துக்காரன், நிதானமானவன்.

“லேசா சொல்லுதேன் மேடம். தயிர் உறைஞ்சுட்டு இருக்கையில யாராவது சட்டிய ஆட்டினா ஏட்டுல சுருக்கம் விழும்லா, அதான் கதை. மை ஈரமா இருக்கையில ரூம்ல என்ன சத்தமோ அது அந்த ஈரத்துல விழுந்துரும். அப்படியே காஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாது. இந்த மெஷின் அதைத் தடவிப் பாத்து மறுபடி சத்தமா மாத்திக் குடுக்கும்.”

“ஒரு கோடு காய எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மூணு செகண்டு. அந்த மட்டுக்குத்தான் கிடைக்கும். ஆனா ஒரு தாள்ல எத்தனை கோடு, எத்தனை புள்ளி! எல்லாத்தையும் எழுதின வரிசையில ஒட்ட வெச்சா, ஓட்டை ஓட்டையா அந்த நேரம் முழுக்கக் கேக்கலாம். பேனா நின்னா மட்டும் ஒண்ணும் கிடைக்காது. பென்சிலுக்கு ஈரம் ஏது...” என்று ஆரம்பித்தவன், தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“இதுவரைக்கும் மூணு பெட்டி கேட்டாச்சு மேடம்,” என்றார் திருமலைக்கொழுந்து, பரிதாபமாக. “ஃபேன் ஓடுது. குக்கர் விசில் அடிக்குது. ஐயா ஒரு தடவை தும்முதாங்க. அந்தத் தும்மலும் சுருதி விலகாமத்தான் இருக்கு.”

தபித்தாளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் ஒரு தேதி எழுதியிருந்தது. பொன்னையாவுக்கு ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதியையும் முற்பகலா பிற்பகலா என்பதையும் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு.

“கையெழுத்துப் போடுதேன். அதுக்கு முன்னாடி எனக்கு இந்தத் தேதி, பிற்பகல் தாளைக் கேக்கணும்.”

அந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட இதில் ஒன்றுமில்லை.

அப்போது தபித்தாளுக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. அவள் அம்மா ஞானப்பூ டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தம்பி எபிக்கு மூன்று வயது நிறையவில்லை. கூடத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா முன்னறையில் ஒரு பாட்டைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விட்டால் அடுத்த மாதம்தான். தபித்தாள் கேனை எடுத்துக்கொண்டு முன்னறை வாசலில் நின்று, “அப்பா, தம்பி தூங்குதான். நான் சீமெண்ணெய் வாங்கப் போறேன். பாத்துக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னாளா? அதுதான் கேள்வி.

அவள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எபியை எடுத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தபித்தாள் கேனைச் சிந்தாமல் இறக்கி ஓரமாக வைத்தாள். பார்த்தவர்கள் அதையும் பிற்பாடு ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

“பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போன?” என்று கேட்டார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன் என்றாள். எல்லோரும் பொன்னையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குக் காதுல விழலை,” என்றார்.

அதோடு தீர்ந்தது. ஏனென்றால் பொன்னையாவின் காது பாளையங்கோட்டையில் பிரசித்தம். நாற்பது பேர் பாடுகிற குழுவில் மூன்றாவது வரிசையில் ஒருவன் அரைச்சுரம் இறங்கினால் அவன் பெயரைச் சொல்லி நிறுத்துவார். மின்விசிறி எந்தச் சுரத்தில் ஓடுகிறது என்று சொல்லுவார். அப்படிப்பட்ட காதில் விழவில்லை என்றால் பிள்ளை சொல்லவே இல்லை என்றுதானே அர்த்தம்? யாரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. சின்னப்பிள்ளை, பயத்தில் பொய் சொல்லுகிறது, விடுங்கள் என்றார்கள். அந்தப் பெருந்தன்மைதான் அவளைக் கொன்றது.

கொஞ்ச காலம் சொன்னேன் சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தாய்மார்கள் கைக்குழந்தையை ஆளாளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். தபித்தாளின் கைக்கு மட்டும் ஒரு பிள்ளையும் வந்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் யாராவது ஒருவர், “தம்பியையே பாத்துக்கிடத் தெரியாத புள்ள,” என்று காதைக் கடிப்பார்கள். கல்யாணம் அமையவில்லை. அப்பா அவளிடம் அளவுக்கு மீறிப் பிரியமாக இருந்தார், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார், அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா அவளிடம் சாப்பிட்டாயா, குடை எடுத்துக்கொண்டாயா என்பதற்கு மேல் எதுவுமே பேசியதில்லை.

இதில் மோசமானது என்னவென்றால், ஐம்பது வருஷத்தில் தபித்தாளுக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. சொன்னோமா, இல்லை, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டோமா? அழுகையெல்லாம் எப்போதோ நின்று போயிருந்தது. மரத்துப்போன காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி அவள் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைத் தீர்த்து வைக்க ஒரு தாள் இருந்தது.

இர்ஃபான் தாளை வெள்ளை உறை போட்ட கையால் எடுத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். ஈஸ்டருக்காக எழுதிய ஒரு சேர்ந்திசை. நான்கு குரலுக்கும் நான்கு வரி, அச்சடித்த மாதிரி எழுத்து.

முதலில் மின்விசிறி கேட்டது. பிறகு நிப்பு தாளில் கீச்சிடும் சத்தம். காக்கை. தூரத்தில் யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கூவிக்கொண்டு போனார்கள். எல்லாம் இரண்டு இரண்டு நொடியாக, கிழிந்த துணியை ஒட்டுப் போட்டது மாதிரி வந்தது. தபித்தாள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

சின்னப் பெண் குரல். மூக்கடைத்த குரல். அவளுக்கு அந்தக் காலத்தில் எப்போதும் சளி பிடித்திருக்கும்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அடுத்து வந்தது இரும்புக் கேட்டின் கொக்கி விழும் சத்தம். மறுபடி மின்விசிறி, நிப்பு, காக்கை.

“நடுவுல என்ன ஆச்சு?” என்றாள்.

“பேனா நின்னிருக்கு மேடம். ‘அப்பா’ங்கிற இடத்துல அவங்க எழுதுறதை நிறுத்தியிருக்காங்க. கேட் கொக்கி விழுறப்ப மறுபடி எழுத ஆரம்பிச்சிருக்காங்க. நடுவுல ஈரம் இல்லை, அதனால சத்தமும் இல்லை.” இர்ஃபான் கொஞ்சம் தயங்கினான். “நீங்க கூப்பிட்டது காதுல விழுந்ததாலதான் பேனா நின்னிருக்கும்.”

“அப்படிச் சொல்லிர முடியாது தம்பி,” என்றார் திருமலைக்கொழுந்து. விவரம் தெரியாமல், ஆராய்ச்சியாளருக்கே உரிய நேர்மையோடு சொன்னார். “தொட்டெழுதுற பேனா. நாலு சுரத்துக்கு ஒரு தடவை மை தொட நிப்பாட்டித்தான் ஆகணும். ஐயா மைப்புட்டிப் பக்கம் கையக் கொண்டு போன நேரமா இருக்கலாம்.”

உண்மைதான். அதே தாளில் அப்படி நூறு நிறுத்தம் இருந்தது. தபித்தாள் தலையை ஆட்டினாள். அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். அது மட்டும் நிச்சயம். கூப்பிட்டுவிட்டு வேறு எதையாவது கேட்டிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் போயிருக்கலாம். ஐம்பது வருஷம் காத்திருந்து கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை. ஏமாற்றமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“குடுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

“இருங்க மேடம், ஒரு நிமிஷம்,” என்று தலைவர் உற்சாகமானார். மூன்று பெட்டித் தும்மலுக்குப் பிறகு அவருக்கும் ஒரு விடிவு கிடைத்திருந்தது. “உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ‘சாயங்காலப் பாட்டு’ மூலத் தாள் கிடைச்சிருக்கு. உங்களுக்கே தெரியும், அதுக்கு மட்டும் பென்சில் தாள் கிடையாது.”

சாயங்காலப் பாட்டைத் தெரியாதவர் தெற்கே யாருமில்லை. ‘கண்ணயரும் யாவரையும் காத்துக்கொள்ளும்’ என்று முடிகிற அந்தப் பாட்டு ஆலயங்களில் மட்டுமில்லை, பள்ளிக்கூடம் விடும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில், சாவு வீட்டில், சாதி மதம் பார்க்காமல் எல்லா இடத்திலும் பாடப்படுகிறது. பொன்னையா வேறு எதுவும் எழுதாமல் அதை மட்டும் எழுதியிருந்தாலும் போதும் என்பார்கள். எபி இறந்த வருஷக் கடைசியில் எழுதியது. தபித்தாள் நாற்பது வருஷமாகக் குழுவில் நின்று அதைப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

“ஐயா அதை நேரா மையிலயே கட்டியிருக்காங்க,” என்றார் தலைவர். “அடிச்சு, திருத்தி, மேல எழுதி, தாளே கறுத்துக் கிடக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? ஐயா பாட்டுக் கட்டுற சத்தம் இருக்கிற ஒரே தாள் அதுதான். நேத்துத்தான் ஓட்டினோம். நடுவுல ஒரு வாக்கியம் வருது. எங்களுக்கு விளங்கலை. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கணும்.”

இர்ஃபான் ஓட விட்டான்.

இந்தத் தடவை மின்விசிறி இல்லை. மார்கழிக் குளிராக இருந்திருக்கும். ஒரு ஆள் மூச்சு விடும் சத்தம் பக்கத்தில் கேட்டது. பிறகு அந்த ஆள் பேசினார். அப்பாவின் குரல்தான். ஆனால் அவர் பேசுவது மாதிரி இல்லை. குரலை மேலே தூக்கி, மெலிசாக்கி, மூக்கடைத்துப் பேசினார்.

“அப்பா, தம்பி தூங்கு...”

அறுந்தது. மறுபடி முதலிலிருந்து.

“அப்பா, தம்பி தூங்குதான். நான் சீமெண்ணெய்...”

மறுபடியும். “...வாங்கப் போறேன். பாத்து...” “பாத்துக்கிடுங்க.” “பாத்துக்கிடுங்க.” “பாத்துக்கிடுங்க.”

திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல வார்த்தை தேய்ந்து ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சியது. ‘அப்பா’வில் மேலே எழும்பி, ‘தூங்குதான்’ என்பதில் நிதானமாக இறங்கி, ‘போறேன்’ என்பதில் ஒரு அவசரம் காட்டி, கடைசியில் ‘பாத்துக்கிடுங்க’ என்று கெஞ்சலாகத் திரும்பி மேலே ஏறுகிற அந்த வழி. பிறகு முனகல். முனகல் சுரமாயிற்று. சுரம், நாடறிந்த பாட்டாயிற்று.

திருமலைக்கொழுந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “பேச்சுல இருந்து மெட்டு! பாத்தீங்களா மேடம்? பேசுற பேச்சோட ஏத்த இறக்கத்தை அப்படியே எடுத்து ராகத்துல வெச்சிருக்காங்க! இதை வெச்சு ஒரு புஸ்தகமே எழுதலாம். ஆனா ஒண்ணுதான் இடிக்குது. இம்புட்டுப் புனிதமான பாட்டுக்குள்ள சீமெண்ணெய் எங்கிருந்து வந்துச்சு?”

“ரேஷன்ல அன்னைக்கு ஊத்தினாங்க,” என்றாள் தபித்தாள்.

தலைவர் சிரித்தார். பிறகு இர்ஃபானைப் பார்த்தார். இர்ஃபான் சிரிக்கவில்லை. சற்று முன்பு கேட்ட “அப்பா”வும் இந்த “அப்பா”வும் ஒன்றுபோல ஒலித்தது அவனுக்குப் பிடிபட்டிருந்தது. அவன் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

“இதை எனக்கு போன்ல போட்டுக் குடுங்க. கையெழுத்தை அப்புறம் சொல்லுதேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தபித்தாள் அழுகைக்காகக் காத்திருந்தாள். சொல்லியிருக்கிறோம். சொன்னது பொய்யில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் அப்பா காதில் விழுந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? சந்தோஷமாவது வர வேண்டாமா, கோபமாவது? வண்ணார்பேட்டை போயிற்று, ஆற்றுப் பாலம் போயிற்று, ஒன்றும் வரவில்லை. நாற்பது வருஷமாக அவள் வாயாலேயே அந்தச் சாட்சியத்தைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது மட்டும் யாரோ ஒருத்தியின் செய்தி மாதிரி மனசில் ஓடியது.

வீட்டில் அம்மா கட்டிலில் சாய்ந்து வேதப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூ டீச்சருக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை, கண்ணும் காதும் கெட்டி.

“சாப்டியா?”

“அம்மா, ஒண்ணு கேக்கீங்களா?” தபித்தாள் போனைக் கட்டிலில் வைத்து ஓட விட்டாள்.

கணவனின் குரல் வந்ததும் கிழவி முகத்தில் முதலில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. வாக்கியம் மூன்றாவது தடவை திரும்பியபோது அது இல்லை. “பாத்துக்கிடுங்க,” என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது.

“நிப்பாட்டு.”

தபித்தாள் நிறுத்தினாள். “நான் சொல்லிட்டுத்தான் போயிருக்கேம்மா. அப்பாவுக்கும் காதுல விழுந்திருக்கு. பொய் சொன்னது அப்பாதான்.”

அம்மா வேதப் புத்தகத்தை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். “தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அடக்கம் முடிஞ்ச மூணாம் நாளே என்கிட்டச் சொல்லிட்டாக. ஊர் முன்னால சொல்லப் போறேன், கோயில்ல எந்திரிச்சு நின்னு சொல்லப் போறேன்னு சட்டையப் போட்டுக்கிட்டு நின்னாக. நாந்தான் வேண்டாம்னேன்.”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது எந்தச் சுரம் என்று தபித்தாளுக்குத் தெரியாது. அப்பாவின் காது அவளுக்கு வரவில்லை.

“பெத்த புள்ளையத் தண்ணியில விட்டுட்டுப் பாட்டு எழுதினவன்னு ஊரு சொல்லும். யாரு பாடுவா அவுக பாட்டை? யாரு அவுககிட்டப் படிக்க வருவா? அதோட அவுக உசிரோட இருக்க மாட்டாகடி. எனக்குத் தெரியும். நீ சின்னப்புள்ள. சின்னப்புள்ள செஞ்சா ஊரு மன்னிச்சிரும்னு நெனச்சேன். நீயும் மறந்துருவன்னு நெனச்சேன்.”

“ஊரு மன்னிச்சிருச்சு,” என்றாள் தபித்தாள். “நீங்க?”

“உன்னை நான் எதுக்கு மன்னிக்கணும்? நீ என்ன செஞ்ச?”

“அப்புறம் ஏம்மா என்கிட்டப் பேசவே இல்லை? இத்தனை வருஷம்?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேச?” என்றாள் ஞானப்பூ டீச்சர்.

வெளியே எதிர்வீட்டு மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள்.

“அந்தப் பாட்டு எழுதின ராத்திரி எனக்குப் பாடிக் காட்டினாக,” என்று அம்மாவே மறுபடி ஆரம்பித்தாள். “கேட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, உன் பேச்சுன்னு. இதை வெளிய விடாதீகன்னு காலைப் பிடிச்சேன். ‘நீ என் வாயைக் கட்டிட்ட, கையையும் கட்டாத’ன்னு என்கிட்ட அழுதாக. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ எந்திரிச்சு நின்னு அதைப் பாடுவ. அவுக உன்னையே பாத்துக்கிட்டு இருப்பாக. நான் தரையப் பாத்துக்கிட்டு இருப்பேன்.” போனைக் காட்டி, “யுனிவர்சிட்டில இதை எல்லாருக்கும் போட்டுருவாங்களா?” என்று கேட்டாள்.

“நான் கையெழுத்துப் போட்டாப் போடுவாங்க.”

“போடாத.” கிழவியின் கை போர்வைக்கு மேலே நகர்ந்து வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. எபி போன பிறகு அம்மாவாக அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம். “செத்துப் போனவகளுக்கு ஒரு பேரு இருக்குல்லா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இவ்வளவு நாள் பொறுத்துட்ட.”

“எனக்கும் ஒரு பேரு இருந்துதும்மா,” என்றாள் தபித்தாள். குரலை உயர்த்தவில்லை. கையை விடுவித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கோதுமைக் கஞ்சியைக் கிண்டி, உப்புப் போட்டு, ஆற்றி, அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதைக் குடித்தாள். வேறு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் திருமலைக்கொழுந்தே போன் செய்தார். நேற்றைய உற்சாகம் குரலில் இல்லை. இரண்டு தாளிலும் ஒலித்தது ஒரே ‘அப்பா’தான் என்று இர்ஃபான் சொல்லியிருப்பான்.

“மேடம், மன்னிக்கணும். நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது. எனக்கு விவரம் தெரியலை. நீங்க வேண்டாம்னா அந்தத் தாளைத் திருப்பி உறைக்குள்ள வெச்சிருதோம். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அம்மா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தபித்தாள் வேறு அறைக்குப் போகவில்லை. அங்கேயே, அம்மாவின் முன்னால் நின்றுகொண்டு பேசினாள்.

“நான் வந்து கையெழுத்துப் போடுதேன். எல்லாரும் கேக்கட்டும். ஆனா ஒண்ணு. தாளுக்குத் தாள் விவரம் எழுதி வைப்பீங்கல்லா, இதுக்கு நான் சொல்லுறதை எழுதணும்.”

“சொல்லுங்க மேடம், எழுதிக்கிடுதேன்.”

“சாயங்காலப் பாட்டு. இசை, சாலமோன் பொன்னையா. அவர் சொல்லிப் பார்க்கிற வாக்கியம் அவர் மகள் தபித்தாள், பத்து வயதில், தம்பியை விட்டுவிட்டுக் கடைக்குப் போகும்போது சொன்னது.” அவள் ஒரு மூச்சு விட்டாள். “அது அவர் காதில் விழுந்தது. அவ்வளவு போதும். வேற யாரைப் பத்தியும் எழுத வேண்டாம்.”

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. ஞானப்பூ டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எழுதிட்டேன் மேடம்,” என்றார் திருமலைக்கொழுந்து. “ஆனா கமிட்டில ஒண்ணு ரெண்டு பேரு முணுமுணுப்பாங்க. ஐயா பேருக்குக் கெடுதல், வாக்கியத்தை மாத்துங்கம்பாங்க.”

“மாத்த விட்டுராதீங்க. கொஞ்சம் பாத்துக்கிடுங்க.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கேட்டது. அந்தச் சொல்லை அவள் பேச்சில் பயன்படுத்தி ஐம்பது வருஷமாகியிருந்தது.

“சரிங்க மேடம்,” என்றார் அவர், ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விஷயத்துக்குச் சொல்லுகிற அதே சாதாரணக் குரலில். “நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

தபித்தாள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் வைத்துவிட்டார், அது தெரிந்தும் எடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூக்கடைத்துப் போகிற வரைக்கும் அழுதாள்.